எந்த பஸ் என்று சொன்னவள்

மதினி,

தெருமுனைப் பால்வாடியில் இன்று காலை சத்துமாவு பிசைந்தார்கள். வெந்நீர் ஊற்றி, வெல்லம் கரைத்துச் சேர்த்துப் பிசையும்போது வருமே ஒரு வாசனை, அது ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. உங்கள் சேலையில் எப்போதும் இருந்த வாசனை. நீங்கள் எத்தனை தரம் துவைத்தாலும் முந்தானையை விட்டுப் போகாது. நான் இடுப்பில் இருந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டு அப்படியே நின்றேன். செத்தவர்களின் வாசனை வந்தால் அழுகை வரும் என்று சொல்வார்கள். எனக்கு அழுகை வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், பொறாமைதான் வந்தது. போய் ஐம்பது நாளுக்கு மேல் ஆகிறது, இன்னும் ஒரு தெருவையே உங்கள் வாசனையால் நிறைத்து வைத்திருக்கிறீர்களே என்று இருந்தது.

உங்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் அதுதான் வரும். நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே வந்தது. அண்ணன் தாலியில் முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். மற்ற இரண்டு முடிச்சும் மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் போடுவதுதானே நம் பக்கத்து வழக்கம். நான் உங்கள் பின்னால் நின்று போட்டேன். பிடரி முடி ஒன்று கயிற்றில் சிக்கிக்கொண்டது. "ஏட்டி, முடி மாட்டுது" என்று நீங்கள் தலையைத் திருப்பாமல் மெதுவாகச் சொன்னீர்கள். எனக்குக் கேட்டது. கேட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.

அதற்குக் காரணம் உங்களுக்கு அன்றைக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் பிளஸ் டூ முடித்த பெண் என்று கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நான் எட்டாவது வரை வகுப்பில் முதல் ஆள். பெரிய பள்ளிக்கூடம் கோவில்பட்டியில் இருக்கிறது, பொம்பளைப் பிள்ளை அவ்வளவு தூரம் போய்வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். நிறுத்திவிட்டு எங்கே சேர்த்தார்கள் தெரியுமா? கோவில்பட்டியில் இருக்கிற தீப்பெட்டி ஆபீஸில். விடிவதற்கு முன்னால் வேன் வரும், ஏறிப் போவேன். அப்போது அந்தத் தூரம் யார் கண்ணிலும் படவில்லை. அண்ணனுக்குப் பள்ளிக்கூடம் போக சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள். அவன் பத்தாவதில் இரண்டு தரம் கோட்டை விட்டுவிட்டு, மூன்றாம் தரம் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அப்பாவோடு பருத்திக் காட்டுக்குப் போனான். வீட்டில் கோழி இடுகிற முட்டை அவனுக்கு. நான் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கி அடுக்கி விரல் நுனி மரத்துப்போய் வந்து உட்கார்ந்தால் எனக்கு ரசம்.

ஆனால் அண்ணன்மேல் எனக்குப் பொறாமை வந்ததே இல்லை, மதினி. இதை இந்த ஐம்பது நாளில்தான் யோசித்துப் பார்த்தேன். ஆம்பளைப் பிள்ளை, அவனுக்கு அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். அவன்மேல் வந்திருக்க வேண்டியதையும் சேர்த்து நீங்கள் வந்ததும் உங்கள் தலையில் கொட்டினேன்.

நீங்கள் வந்த அடுத்த வருஷம் நம் ஊருக்குப் பால்வாடி வந்தது. உங்களுக்கு வேலை கிடைத்தது. பிள்ளைகள் "டீச்சர், டீச்சர்" என்று உங்கள் சேலையைப் பிடித்துக்கொண்டு திரிந்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துத் தாய்மார்களும் அப்படியே கூப்பிட்டார்கள். பிறகு ஆடு மேய்க்கிறவர்கள், ரேஷன் கடைக்காரர், டீக்கடையில் இருப்பவர்கள் எல்லாரும். கொஞ்ச நாளில் ஊரில் அண்ணனுக்குப் பெயரே இல்லாமல் போய்விட்டது. "டீச்சர் வீட்டுக்காரரு" என்றால்தான் தெரியும் என்று ஆகிவிட்டது. அவன் அதைக் கேட்டு முதலில் சிரித்தான். அப்புறம் டீக்கடைக்குப் போவதைக் குறைத்தான்.

அந்த நாற்காலி விஷயத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பால்வாடியைப் பார்க்க ஜீப்பில் ஓர் அதிகாரியம்மா வந்திருந்தார். எனக்கு அன்று காய்ச்சல், ஆபீஸுக்குப் போகவில்லை. வேடிக்கை பார்க்க நின்றேன். அந்தம்மா வேலியோரம் நின்ற அண்ணனைப் பார்த்து, "நீங்கதான் டீச்சர் வீட்டுக்காரரா? ரெண்டு நாற்காலி கொண்டாங்களேன்" என்றார். அவன் கொண்டுவந்தான். நீங்கள் பதிவேட்டை விரித்தபடி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இங்கன போடுங்க" என்றீர்கள். அவன் போட்டான். நீங்களும் அந்தம்மாவும் உட்கார்ந்தீர்கள். அவன் நின்றான். அவ்வளவுதான் நடந்தது. யாரும் சிரிக்கவில்லை. யாருக்கும் அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

நான்தான் அதை விஷயமாக்கினேன். அவன் வீட்டுக்கு வந்து கைகால் கழுவும்போது பக்கத்தில் போய் நின்றேன். "அண்ணே, நீ நாற்காலி தூக்கிட்டு வந்ததப் பாத்து ஊரே சிரிக்கி. மதினி உன்னைய வேலையாள வெரட்டுத மாதிரி வெரட்டுதாவ" என்றேன். அவன் தண்ணீரை முகத்தில் அடித்து அடித்து ரொம்ப நேரம் கழுவினான்.

அன்று சாயங்காலம் நீங்கள் வந்து பையை வைப்பதற்குள் முதல் அடி விழுந்தது. நான் முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தார். மகனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "ஏட்டி, கதவச் சாத்து. தெருவுக்குக் கேக்கும்" என்றார். நான் எழுந்து போய்ச் சாத்தினேன். திரும்பி வந்து சுளகை எடுத்தேன். உள்ளே நீங்கள், "நான் என்ன செஞ்சேன்னு சொல்லிட்டு அடிங்க" என்று கேட்டது காதில் விழுந்தது. அப்போது என் நெஞ்சு எப்படி இருந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை. குளுகுளு என்று இருந்தது, மதினி. டீச்சராக இருந்தாலும் அடிதான் என்று தெரிந்ததில் எனக்கு ஒரு நிம்மதி.

மறுநாள் நீங்கள் முந்தானையைத் தோள்வழியாக இழுத்துப் போர்த்திக்கொண்டு பால்வாடிக்குப் போனீர்கள். கன்னத்தைப் பார்த்துக் கேட்டவர்களிடம் கதவு நிலையில் இடித்துக்கொண்டேன் என்றீர்கள். அன்று மாலை அண்ணன் கோவில்பட்டிக்குப் போய் ஒரு பந்து மல்லிகையும் காரச்சேவும் வாங்கி வந்தான். பூவை உங்கள் கையில் கொடுத்தான். நீங்கள் வாங்கிக்கொண்டு, தலையில் வைக்காமல், குடத்துத் தண்ணீரில் போட்டீர்கள். அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் புத்தி போன போக்கைக் கேளுங்கள். இருபது வயது வரை எனக்கு அந்த வீட்டில் யாரும் ஒரு முழம் பூ வாங்கி வந்ததில்லை, இவளுக்குப் பந்து பந்தாக வருகிறதே என்று எரிந்தேன். அடி வாங்கினால்தான் பூ வரும் என்றால் அடி வாங்கினால் என்ன என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

அதற்குப் பிறகு இது எனக்கு ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. "இன்னைக்கு அவ யார்கிட்டலாம் பேசினா?" என்று அண்ணன் என்னிடம் கேட்பான். எட்டாவதோடு நின்ற என்னிடம் அந்த வீட்டில் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. நான் யோசித்து யோசித்துப் பதில் சொன்னேன். இல்லாததைச் சொன்னதில்லை. இருந்ததைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். அதற்கு நீங்கள் வாங்கியது கொஞ்சமாக இருந்ததில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஒருநாள் நீங்கள் என்னிடம், "பத்தாவதைப் பிரைவேட்டா எழுதிரு ட்டி. பழைய புஸ்தகம் எங்கிட்ட இருக்கு" என்றீர்கள். "உங்க பவுச எங்கிட்ட காட்டாதீங்க" என்றேன். நீங்கள் சரி என்று போய்விட்டீர்கள். இன்னொரு தரம் கேட்டிருந்தால் எழுதியிருப்பேனோ என்னவோ. நீங்கள் கேட்கவில்லை. அந்த வீட்டில் கெஞ்சுவதற்கு உங்களுக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள்.

எனக்குக் கயத்தாறில் மாப்பிள்ளை பார்த்தார்கள். லாரிப் பட்டறையில் வேலை. கல்யாணமான மூன்றாம் மாதம் முதல் அடி. இரண்டு வருஷம் பிள்ளை உண்டாகவில்லை என்றதும் அடிக்குக் காரணம் தேட வேண்டிய சிரமமும் அவருக்கு இல்லாமல் போனது. என்னை மூன்று டாக்டரிடம் காட்டினார்கள். அவரைக் காட்டவில்லை. அவருக்குக் குறை இருக்காது என்பது யார் சொல்லித் தெரிய வேண்டியிருந்தது?

ஒரு தரம் உதடு வீங்கி அம்மா வீட்டுக்கு வந்து நின்றேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். உள்ளே போய்ச் செருகி வைத்திருந்த அரிவாளை உருவிக்கொண்டு வந்தான். "எந்தங்கச்சி மேல கை வைக்கதுக்கு அவன் யாருல?" என்று கத்தினான். அவனுக்குக் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது. நீங்கள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தீர்கள். போன வாரத்து அடியில் உங்கள் நெற்றியில் இருந்த காயம் அப்போதுதான் பொருக்குத் தட்டியிருந்தது.

"இவ வீட்டுக்காரருக்கும் ஒரு தங்கச்சி உண்டு. அவளுக்கு ஒண்ணுன்னா அவரும் இப்படித்தான் அருவா எடுப்பாரு" என்றீர்கள்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அண்ணன் அரிவாளைக் கீழே போட்டான். போட்ட கையால் உங்களை அடித்தான். நான் நடுவில் போகவில்லை. எனக்குக் கோபம் உங்கள்மேல்தான். எனக்காக ஒருவன் அழுத ஒரே நாள் அது. அதையும் நீங்கள் ஒரே வாக்கியத்தில் கெடுத்துவிட்டீர்களே என்று இருந்தது. அதைவிடப் பெரிய எரிச்சல், அந்த வாக்கியம் எனக்குத் தோன்றாமல் உங்களுக்குத் தோன்றியது. இரண்டு நாள் கழித்துப் பெரியவர்கள் பேசி என்னைக் கயத்தாறுக்கு அனுப்பி வைத்தார்கள். அண்ணன்தான் பஸ் ஏற்றிவிட்டான். "கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்றான்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். அதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்திருந்தேன். கொடை முடிந்த மறுநாள் காலை. அண்ணன் பந்தல் பிரிக்கப் போயிருந்தான். அம்மா காட்டில். நீங்கள் உங்கள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தொழுவத்துப் பக்கம் வந்தீர்கள். அவளுக்கு அப்போது ஐந்து வயது; கொடைக்கு எடுத்த புதுப் பாவாடை போட்டிருந்தாள். உங்கள் கையில் இருந்தது பால்வாடிக்குக் கொண்டுபோகும் பைதான். அது மட்டும் கொஞ்சம் உப்பியிருந்தது.

"விளாத்திகுளத்துக்கு மாறுதல் வாங்கிட்டேன். இன்னைக்குப் போய்ச் சேரணும். உங்கண்ணன் கேட்டா எங்கம்மா வீட்டுக்குப் போனேன்னு சொல்லு. மத்தியானம் வரைக்கும் தாக்காட்டுனா எனக்குப் போதும்" என்றீர்கள்.

நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள். பிறகு, "நீயும் வாரியா?" என்றீர்கள்.

கேட்ட மாத்திரத்தில் என் கால் ஓரடி முன்னால் வந்தது. அது நிஜம். என் இடுப்பில் பிள்ளைகூட இல்லை. போகாமல் இருப்பதற்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை. ஆனால் நான், "எனக்கென்ன, எம் புருசன் அப்படி ஒண்ணும் மோசமில்ல" என்றேன். உதட்டுத் தழும்போடு நின்று அதைச் சொன்னேன். நீங்கள் தலையை ஆட்டிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஓடைக்கரை வழியாகப் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தீர்கள். முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் உங்கள் செருப்பில் அப்பிக்கொண்டது. ஒரு இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டீர்கள். அதுவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டான். உங்களைக் கேட்டான். கயத்தாறு பக்கம், அவுக அம்மா வீட்டுக்கு என்றேன். நீங்கள் சொல்லிக் கொடுத்தபடியே சொன்னேன். அவன் நம்பிவிட்டான். திட்டிக்கொண்டே மொபெட்டைக் கிளப்பினான். கோவில்பட்டி ரோட்டைப் பார்த்துத் திருப்பியும் விட்டான். அவன் என்னை மிரட்டவில்லை, மதினி. மறுபடி கேட்கக்கூட இல்லை. இன்னும் ஒரு நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும்.

"அண்ணே, அம்மா வீடு இல்ல. விளாத்திகுளம் பஸ்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ விதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பிள்ளையைக் கொண்டுபோகிறார்களே என்ற பயம், குடும்ப மானம், இப்படி. எல்லாம் பொய். நீங்கள் போகிறீர்கள், நான் கயத்தாறுக்குத் திரும்ப வேண்டும். அதுதான் காரணம். எனக்கு இல்லாதது உங்களுக்கும் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அவ்வளவு சின்னப் புத்தி.

எட்டயபுரத்தில் பஸ் நின்ற இடத்தில் அவன் உங்களைப் பிடித்துவிட்டான். நடந்ததை அதே பஸ்ஸில் வத்தல் மூட்டையோடு போன நம் தெருப் பெண் வந்து சொன்னாள். தலைமுடியைப் பிடித்து இறக்கினானாம். புருஷன் பெண்டாட்டி சண்டை என்று பஸ்ஸே உட்கார்ந்து பார்த்ததாம். நீங்கள் பஸ் கம்பியை விடாமல் பிடித்திருந்தீர்களாம். விடுவிக்க முறுக்கியதில் மணிக்கட்டு ஒடிந்ததாம். பிள்ளை வீறிட்ட பிறகுதான், துணிக்கடை பாய் ஒருவர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து நடுவில் நின்றாராம். அண்ணன் நாலு பேர் கூடியதும் வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டான். நீங்கள் திரும்பவில்லை. ஒடிந்த கையைத் துண்டால் கட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினீர்கள். விளாத்திகுளம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு அன்று சாயங்காலமே வேலையில் சேர்ந்துவிட்டீர்கள். இடது கையால் கையெழுத்துப் போட்டீர்களாம். அதைக் கேட்டபோதும் எனக்கு முதலில் வந்தது என்ன என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் அண்ணன் வேறு கதை சொன்னான். "எவனோடயோ ஓடப் பாத்தா, மறிச்சேன்" என்றான். நீங்கள் வேலையில் சேரத்தான் போனீர்கள் என்று தெரிந்தவள் அந்த ஊரில் நான் ஒருத்திதான். நான் மறுக்கவில்லை. ஊர் அந்தக் கதையை வைத்துக்கொண்டது.

நான்கு வருஷம் கழித்து உங்களைப் பார்க்க விளாத்திகுளம் வந்தேன். என்ன தைரியத்தில் வந்தேன் என்று தெரியவில்லை. ஒரே அறை, ஒரு பக்கம் அடுப்பு. கதவுக்கு உள்பக்கம் ஒரு பெரிய தாழ்ப்பாள். நீங்கள் பேசிக்கொண்டே அதைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள். நான் அந்தத் தாழ்ப்பாளையே பார்த்தேன். எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் போடுவதும் திறப்பதும் என் வீட்டுக்காரர் கையில். நீங்கள் கோணிப்போன மணிக்கட்டோடு, இடது கையால் எனக்குச் சோறு போட்டீர்கள்.

"மதினி, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றீர்கள்.

நான் அழுதேன். நீங்கள் அழவில்லை. "உங்கண்ணன் மேல எனக்கு ஆத்திரம் அடங்கிருச்சு. உம்மேலதான் ரொம்ப நாளு அடங்கல. மன்னிச்சிட்டேன்லாம் சொல்ல மாட்டேன். சோத்தச் சாப்பிடு" என்றீர்கள். சாப்பிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, நீங்களாகவே, குழம்புச் சட்டியைப் பார்த்தபடி சொன்னீர்கள்: "எனக்கும் உம்மேல பொறாமைதான் ட்டி. கூடப் பிறந்தவன் எனக்குக் கிடையாதுல்லா. உனக்குன்னு அருவா எடுக்க ஒருத்தன் இருந்தானே."

கையில் இருந்த சோற்றைத் தட்டில் போட்டேன். ஒரே ஆள். அவன் எனக்காக அரிவாள் எடுத்தான் என்று நீங்கள் என்மேல் பொறாமைப்பட்டீர்கள். உங்களுக்குப் பூ வாங்கி வந்தான் என்று நான் உங்கள்மேல் பொறாமைப்பட்டேன். அவன் பாட்டுக்கு இருந்தான். யார்மேலும் பொறாமைப்பட வேண்டிய அவசியம் அவனுக்கு ஒருநாளும் வந்ததில்லை. இதை நாம் அன்றைக்கே பேசியிருக்கலாம். நீங்கள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டீர்கள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தரம் வந்தேன். உங்களுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்த பிறகு மாதம் ஒரு தரம். நீங்கள் போய்விடப்போவது உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. பிள்ளையின் சான்றிதழ்களை எல்லாம் ஒரு பையில் போட்டு வைத்திருந்தீர்கள். அவள் அப்போதுதான் பிளஸ் ஒன் சேர்ந்திருந்தாள்.

உங்களுடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லாரும் வந்திருந்தோம். உங்கள் அறை வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். காரியம் முடிந்து சாப்பிட்ட பிறகு அண்ணன் பேச்சை எடுத்தான். பிள்ளையை ஊருக்குக் கூட்டிப் போகிறேன், படித்தது போதும், ஒரு மாப்பிள்ளை இருக்கிறான் என்றான். அவள் முடியாது என்றாள். வயதுக்கு வந்த பெண் தனியாக இருக்க முடியாது, தகப்பனோடு போவதுதான் முறை என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவள், "எங்கம்மா கைய ஒடிச்ச ஆளோட நான் போகமாட்டேன்" என்றாள். அண்ணன் அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தான். "உங்கம்மா அன்னைக்கு ஒருத்தனோட ஓடினா. எம்பிள்ளையையும் கொண்டுபோகப் பாத்தா. மறிக்கும்போது கைல பட்டுட்டு" என்றான். பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாராவது இல்லை என்று சொல்வார்களா என்று பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள்.

என் வீட்டுக்காரர் அண்ணனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"மதினி தனியாத்தான் போனாவ. வேலையில சேரப் போனாவ. எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாவ. எந்த பஸ்னு இவன்ட்ட சொன்னது நான்தான்" என்றேன்.

உங்கள் மகள் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அப்பா தானாவே தேடி வந்தாருன்னுதான் அம்மா சொன்னா. நீங்கன்னு சொல்லல" என்றாள்.

அன்று நீங்கள் எனக்குக் கொடுத்த அடி அது. பத்து வருஷம் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறீர்கள். என் முகத்துக்கு நேரே மன்னிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பிள்ளையிடம் என் பெயரைக் காப்பாற்றி வைத்திருந்திருக்கிறீர்கள். இதிலும் நான் உங்கள் பக்கத்தில் வர முடியாது என்று தெரிந்தது. பிள்ளை என் பக்கத்தில் இருந்து எழுந்து போய், உள்ளே கதவோரம் உட்கார்ந்துகொண்டாள்.

ஆனால் பேச்சு மாறிவிட்டது. பெரியவர்கள் அதற்கப்புறம் அண்ணனுக்காக வாயைத் திறக்கவில்லை. "தனியா ஒரு பிள்ள எப்படி இருக்கும், பெரிய பொம்பள ஒருத்தி வேணும்லா" என்று மட்டும் ஒருவர் கேட்டார். எல்லாரும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டு வரை என் வீட்டுக்காரர் முன்னால் நடந்தார். கோவில்பட்டி பஸ் வந்தது. ஏறுவதற்கு முன்னால் திரும்பி, அத்தனை பேருக்கு நடுவில், கன்னத்தில் ஒன்று கொடுத்தார். "கூடப் பிறந்தவனையே சபையில வச்சு அசிங்கப்படுத்திட்டியே" என்றார். ஏறி உட்கார்ந்துகொண்டு பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டு வைத்தார். எனக்குத்தான் இடம் பிடித்தார். டிரைவர் ஏறினார். கண்டக்டர் விசில் கொடுத்தார். நான் கீழேயே நின்றேன். அவர் ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிடுவது தெரிந்தது. பஸ் வளைவு திரும்பிப் போய்விட்டது. எனக்கு அழுகையும் வரவில்லை, தைரியமும் வரவில்லை. தாகமாக இருந்தது. குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு உங்கள் தெருவுக்கு நடந்தேன்.

உங்கள் மகள் கதவைத் திறந்தாள். என் கன்னத்தைப் பார்த்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. கொஞ்சம் விலகி நின்றாள். நான் உள்ளே போனேன். சுவரோரம் உங்கள் கட்டில் கழுவி, விரிப்பு மாற்றிப் போட்டிருந்தது. நான் களைப்பில் அதன் பக்கம் போனேன்.

"அம்மா கட்டில்ல படுக்காதீங்க. தரையில படுத்துக்கிடுங்க" என்றாள்.

தரையில்தான் படுக்கிறேன், மதினி. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் இரண்டு தரம் ஆள் அனுப்பினார், நான் போகவில்லை. காலையில் அவளுக்குச் சோறு கட்டித் தருகிறேன். வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். சாயங்காலம் பாத்திரத்தைக் கழுவி வைக்கிறாள். அத்தை என்று கூப்பிடுவதில்லை. எதையாவது கேட்க வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நின்று கேட்கிறாள். போன வாரம் அவளுக்குக் காய்ச்சல். தூக்கத்தில் அனத்தினாள். நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு நான்தான் உட்கார்ந்திருந்தேன். கண் திறவாமலே என் கையை எடுத்து, விரலால் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். என் மணிக்கட்டு நேராக இருக்கிறது. தடவிப் பார்த்துவிட்டுக் கையை விட்டுவிட்டாள்.